இன்வெர்ட்டர் ரிப்பேருக்கும் பில் கேளுங்கள்

நமது சங்க இதழில் வரி, உரிமம், தராசு முத்திரை, பிளாஸ்டிக் தடை என்று எழுதுவதே வழக்கம். டிரான்சிஸ்டரைப் பற்றி எழுத ஒரு மளிகைக் கடைக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள், முதலில் என் கடையில் நடந்ததைக் கேட்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்து மாலை. மழை. எங்கள் பகுதி டிரான்ஸ்ஃபார்மரில் பழுது. மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. விளக்கு, மின்விசிறி, பில் போடும் கம்ப்யூட்டர், பால் வைக்கும் ஃப்ரீசர் எல்லாம் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. கல்லாவுக்குப் பின்னால் பலகைக்கு அடியில் அது இருந்தது. இடது பக்கம் சர்க்கரை மூட்டைகள், பலகைக்கு மேலே தீப்பெட்டிக் கட்டுகள். பட்டென்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. அடுத்த நொடி, பலகைக்கு அடியிலிருந்து புகை. பேட்டரி ஒயரின் மேலுறை உருகி, பக்கத்துச் சாக்கு கருக ஆரம்பித்தது.

கடைப் பையன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "ஊத்தாதே, ஊத்தாதே" என்று கத்தினேன். எங்களிடம் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் ஈரமில்லாத சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரி கிளாம்பைப் பிடுங்கி எறிந்தார். தீ பரவவில்லை. ஆனால் அவர் உள்ளங்கை வெந்துவிட்டது. மூன்று வாரம் அவரால் மூட்டை தொட முடியவில்லை. கூலியும் மருத்துவச் செலவும் நான்தான் கொடுத்தேன். கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுமா? இன்றும் அவர் சில்லறை எண்ணி வாங்கும்போது அந்தத் தழும்பு என் கண்ணில் படுகிறது.

அந்த இன்வெர்ட்டர் அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் இரண்டு முறை ரிப்பேர் ஆனது. இரண்டு முறையும் ஒரே மெக்கானிக். இரண்டு முறையும் பில் இல்லை. கேட்கவும் இல்லை. என் கடையில் கால் கிலோ பருப்புக்கும் பில் போடுகிறவன் நான்.

என் அக்காள் மகன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறான். அவன் வந்து பெட்டியைத் திறந்தான். கருகிப்போன சிறு சிறு கறுப்புத் துண்டுகள் ஒரு அலுமினியத் தகட்டில் வரிசையாக இருந்தன. இவைதான் டிரான்சிஸ்டர்கள். இக்காலத்து வகைக்கு மாஸ்ஃபெட் என்று பெயர். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை நொடிக்கு எத்தனையோ முறை திறந்து மூடி, டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பி 230 வோல்ட்டாக ஆக்கும் கதவு இது. இன்வெர்ட்டரில் மற்றதெல்லாம் பெட்டியும் ஒயரும்தான். பாரம் முழுவதும் தாங்குவது இந்தக் கதவு.

"மாமா, இதில் முதலில் என்ன நம்பர் இருந்தது தெரியுமா?" என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? சர்க்யூட் அட்டையின் மூலையில், தயாரித்தவர்கள் சிறிய எழுத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டினான். ஐ.ஆர்.எஃப். 540 என். தகட்டில் இருந்ததோ ஐ.ஆர்.எஃப்.இசட். 44 என்.

உடனே எனக்கு மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்தது. "அண்ணாச்சி, பழசு 33 ஆம்பியர்தான். நான் 49 ஆம்பியர் போட்டிருக்கேன். இனிமே கவலையே இல்லை." எனக்கும் சந்தோஷம். விலையும் குறைவு, பலமும் அதிகம் என்றால் எந்த வியாபாரி வேண்டாம் என்பான்?

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. 540 என் என்பது 33 ஆம்பியர். 44 என் என்பது 49 ஆம்பியர். ஆனால் அவன் பார்க்காத இன்னொரு எண் இருக்கிறது. முன்னது 100 வோல்ட் தாங்கும். பின்னது 55 வோல்ட்தான் தாங்கும்.

என்னுடையது இரண்டு பேட்டரி, 24 வோல்ட் இன்வெர்ட்டர். பழைய மாடல். டிரான்ஸ்ஃபார்மரின் நடுவில் ஒரு முனை எடுத்து அதில் பேட்டரியைச் சேர்த்திருப்பார்கள். இரண்டு வரிசை டிரான்சிஸ்டர்கள் மாறி மாறித் திறக்கும். ஒரு வரிசை திறந்திருக்கும்போது மூடியிருக்கும் மறு வரிசையின் மேல் விழும் வோல்ட் 24 அல்ல, அதைப் போல் இரண்டு மடங்கு. நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி 25 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். அப்படியானால் 50-க்கு மேல் ஆகிவிட்டது. இதன்மேல் ஒரு உதையும் உண்டு. மோட்டார் ஓடும்போது வால்வைப் பட்டென்று மூடினால் குழாய் 'டம்' என்று அதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். காயிலில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினாலும் அப்படித்தான், ஒரு கணம் வோல்ட் எகிறும். 55 வோல்ட் சரக்கு அந்த இடத்தில் எப்படி நிற்கும்? சுமை குறைவான நாளில் தப்பித்தது, ஃப்ரீசர் போட்ட நாளில் வெடித்தது.

இதே 44 என் ஒற்றை பேட்டரி, 12 வோல்ட் இன்வெர்ட்டரில் நன்றாகவே உழைக்கும். அங்கே இரண்டு மடங்கு என்பது சுமார் 25 வோல்ட்தான். ஆகவே சரக்கு கெட்ட சரக்கு என்று சொல்ல முடியாது. இடத்துக்குப் பொருந்தாத சரக்கு. இட்லி அரிசி கேட்டவருக்கு பிரியாணி அரிசியைக் கொடுத்து, விலை உயர்ந்ததுதானே என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்களா?

விவரக் குறிப்பு என்பது ஒரு எண் அல்ல. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை வாட், எந்தச் சூட்டில் என்று நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதில் நான்காவதுதான் பெரிய ஏமாற்றம். நம் தொழிலில் 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்று விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவார்களே, அதைப் போன்றது.

பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1990-களில் நம்மில் பலர் முதன்முதலாக வாங்கிய இன்வெர்ட்டரில், பின்பக்கத் தகட்டில் தொப்பி கவிழ்த்தாற்போல் இரும்பு நிறத்தில் உருண்டைகள் வரிசையாக இருக்கும். என் தகப்பனார் காலத்துப் பெட்டியில் இருந்ததை நானே எண்ணியிருக்கிறேன், பக்கத்துக்கு ஐந்து. அதன் பெயர் 2 என் 3055. 1960-களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் கொண்டுவந்தது. பிறகு எத்தனையோ கம்பெனிகள் செய்தன, இன்றும் செய்கிறார்கள். அதன் குறிப்பில் 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட் என்று இருக்கும். பார்த்தால் பயில்வான்.

அந்த 115 வாட், உலோக உறை 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது மட்டும். சித்திரை மாதத்தில் நம் கடைக்குள் காற்றே 38, 40 டிகிரி இருக்கிறது. உறை 25 டிகிரியில் இருப்பது எங்ஙனம்? 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.66 வாட் கழித்துக்கொள்ளச் சொல்கிறது குறிப்பு. உறை 80 டிகிரி ஆனால் மிஞ்சுவது 79 வாட். 100 டிகிரி ஆனால் 66 வாட்டுக்குள். உள்ளே இருக்கும் சிலிக்கன் 200 டிகிரி வந்தால் ஒன்றுமே இல்லை. வெயிலில் நிற்கும் வெல்லச் சிப்பம் மாதிரி, எடை போட்ட நேரத்து எடை விற்கும் நேரத்தில் இராது.

15 ஆம்பியர் கதையும் அப்படித்தான். இந்த வகை டிரான்சிஸ்டரைத் திறந்து வைக்கவே தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். நம் மொழியில் தரகு. 4 ஆம்பியர் கடத்த 0.4 ஆம்பியர் தரகு கொடுத்தால் போதும், இழப்பும் 1.1 வோல்ட்டுக்குள். அதுவே 10 ஆம்பியர் கடத்தினால், குறிப்பின் கணக்குப்படி 3.3 ஆம்பியர் தரகு, அப்போதும் 3 வோல்ட் வரை உள்ளேயே இழப்பு. பேட்டரியே 12 வோல்ட்தான். நான்கில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். ஒவ்வொரு உருண்டையும் 30 வாட் அடுப்பு. எந்த மண்டியில் இந்தத் தரகுக்கு ஒத்துக்கொள்வார்கள்? இதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் 15 என்று எழுதியிருப்பதை 5-க்கு மேல் ஓட்டாமல், எண்ணிக்கையைக் கூட்டிப் போட்டார்கள். பேராசைக்காரர்கள் இரண்டு உருண்டை குறைத்துப் போட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டி.

மாஸ்ஃபெட் வந்தபின் தரகுத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. கதவைத் திறந்து வைக்க வோல்ட் மட்டும் காட்டினால் போதும். இழப்பும் மிகக் குறைவு. ஐ.ஆர்.எஃப். 3205 என்று ஒன்று, 12 வோல்ட் இன்வெர்ட்டர்களில் நிறையப் புழங்குகிறது. திறந்திருக்கும்போது 8 மில்லி ஓம் தடைதான். 50 ஆம்பியர் ஓடினாலும் அரை வோல்ட் இழப்புகூட இல்லை. ஆனால் இதிலும் பொடி எழுத்து உண்டு. முதல் பக்கத்தில் 110 ஆம்பியர் என்று இருக்கும். உறை 100 டிகிரி ஆனால் 80 என்று அடுத்த வரி. அதற்கும் கீழே, காலும் உறையும் தாங்குவது 75 ஆம்பியர் மட்டுமே என்று ஒரு குறிப்பு. லாரி எஞ்சின் இருபது டன் இழுக்கும், ஆனால் டயர் பத்து டன்தான் தாங்கும் என்றால், நாம் எத்தனை டன் ஏற்றுவோம்?

சூடு எப்படி வெளியேறுகிறது என்பதையும் அக்காள் மகன் காட்டினான். சிலிக்கன் துண்டிலிருந்து உறைக்கு, உறையிலிருந்து மெல்லிய மைக்கா தகட்டின் வழியாக அலுமினியத்துக்கு, அங்கிருந்து காற்றுக்கு. மைக்கா எதற்கென்றால், 2 என் 3055-இல் உலோக உறையே மின்சாரம் ஓடும் ஒரு முனை, மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடும் அப்படியே. நேராக அலுமினியத்தில் ஒட்டினால் ஷார்ட். மைக்காவின் இருபுறமும் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவித் திருகை இறுக்க வேண்டும். என் பெட்டியில் பழைய பசை சுண்ணாம்பாகக் காய்ந்து கிடந்தது, புதிதாகப் போடவே இல்லை. இரண்டு திருகு கையாலேயே கழன்றது. பழுதான மூன்றை மட்டும் மாற்றி, சூடு தின்ற பழைய மூன்றை அப்படியே விட்டிருந்தார். பழையதும் புதியதும், வேறு வேறு நம்பரும் ஒரே வரிசையில் நின்றால் சுமை சமமாகப் பிரியாது. ஒரு ஜோடி மாட்டில் ஒன்று கிழடாக இருந்தால் வண்டி எப்படிப் போகும் என்பது கிராமத்திலிருந்து வந்த நமக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் தந்தது ஃபியூஸ். டிரான்சிஸ்டர் செத்தால் சும்மா செத்து விடுவதில்லை. பெரும்பாலும் திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்கிறது. உடைந்த குழாய் மாதிரி. அப்போது பேட்டரி தன்னிடம் இருப்பதை எல்லாம் கொட்டும். நூற்றுக்கணக்கான ஆம்பியர். வீட்டு டிரிப் சுவிட்ச் இதைக் காப்பாற்றும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பேட்டரி மின்சாரம் அதன் வழியாகப் போவதே இல்லை. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் இருக்கும் ஃபியூஸ் ஒன்றுதான் காவல். என் பெட்டியில் அந்த இடத்தில் செம்புக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்தது. முதல் ரிப்பேருக்குப் பின் ஃபியூஸ் ஒருமுறை போனது. அப்போது "அடிக்கடி போகாத மாதிரி செய்து கொடு தம்பி" என்று சொன்னவன் நானேதான்.

ஆகவே மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 24 வோல்ட் பெட்டியில் ஃப்ரீசரைச் சேர்த்தது நான். கம்ப்ரஸர் ஓடும்போது 150 வாட் என்றாலும், கிளம்பும் அந்த ஒரு கணத்தில் பல மடங்கு இழுக்கும். காற்றுத் துளையை அடைத்து மூட்டை அடுக்கியது நான். பேட்டரி வற்றும்போது 'பீப் பீப்' என்று கத்துவது வாடிக்கையாளருக்குத் தொந்தரவு என்று அந்தக் காவலையும் துண்டிக்கச் சொன்னது நான். பேட்டரி வற்ற வற்ற, அதே வாட்டைக் கொடுக்க ஆம்பியர் ஏறும். 12 வோல்ட் பெட்டியில் 500 வாட் சுமைக்கு, பேட்டரி 12-இல் இருக்கும்போது 42 ஆம்பியர் என்றால், 10.5-க்கு இறங்கும்போது 48. அதற்கு மேல் உள்ளே போகும் இழப்பு வேறு. கதவும் பாதி திறந்த நிலையில் நிற்க நேர்ந்தால் சூடு சொல்லி மாளாது. கத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

இனி போலிச் சரக்கு. இதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன். 2 என் 3055 உலகம் முழுவதும் போலி செய்யப்படும் பொருள். உறை பெரிது, எழுத்து பளிச்சென்று இருக்கும். உறையை அறுத்துப் பார்த்தால், துவரம்பருப்பு அளவில் இருக்க வேண்டிய சிலிக்கன் எள் அளவில் இருக்கும். சின்னத் துண்டு சின்னச் சுமையைத்தான் தாங்கும். மாஸ்ஃபெட்டில் வேறு வித்தை. பழைய போர்டுகளிலிருந்து கழற்றியதை மேலே தேய்த்து, வேறு நம்பரை அச்சடித்து விற்பார்கள். சாக்கை மாற்றி சாப்பா குத்துவது நாம் அறியாத வேலையா என்ன? வெறும் மீட்டர் வைத்துப் பார்த்தால் போலியும் 'நல்லது' என்றே காட்டும். சுமை ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், ஒரு பாக்கெட் மிளகாய்த்தூளில் தயாரித்தவர் பெயர், தேதி, நிகர எடை, உரிம எண் ஒன்று குறைந்தாலும் நம்மைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். சில நேரம் தயாரிப்பாளர் செய்த தவறுக்கும் நாம் நடக்க வேண்டியிருக்கிறது. சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கலப்படம் செய்கிறவன் வியாபாரியே அல்ல. ஆனால் நம் கடையைக் கொளுத்தக்கூடிய ஒரு பொருளை எந்தப் பெயரும் தேதியும் இல்லாமல், தாளில் சுற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோமே, இது என்ன நியாயம்?

"நாம் என்ஜினியரா, இதெல்லாம் கேட்டால் மெக்கானிக் சிரிப்பான்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். சிரிக்கட்டும். கொள்முதலில் ஈரப்பதம் கேட்கிறோம், அறுவடை ஆண்டு கேட்கிறோம். நெல் விஞ்ஞானம் படித்துவிட்டா கேட்கிறோம்? கேட்கிறவனிடம் ஒரு விதமாகவும் கேட்காதவனிடம் ஒரு விதமாகவும் சரக்கு வருவது உலக வழக்கம். பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். என்ன நம்பர் எடுத்தார், என்ன நம்பர் போட்டார், எத்தனை போட்டார், ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நம்பர் மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள், வோல்ட் குறைந்ததா என்று கேளுங்கள். சில நேரம் நல்ல காரணமும் இருக்கும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுது பார்ப்பவரையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் சீட்டு இல்லாமல் எந்த மன்றத்தில் போய் நிற்பது?

பேரத்தையும் ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு வரிசை மாஸ்ஃபெட்டில் அசலுக்கும் மலிவுக்கும் இருந்த வித்தியாசம் எனக்கு நூற்றைம்பது ரூபாய்க்குள்தான். அதற்காகக் கால் மணி நேரம் பேசினேன். மூட்டை தூக்கும் அண்ணனின் மருத்துவச் செலவு அதைப் போல் நாற்பது மடங்கு ஆயிற்று.

2012-இல் சென்னைக்கு வெளியே உள்ள ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது, கிடைத்த இன்வெர்ட்டரை எல்லாம் வாங்கிப் போட்டோம். அப்போது வாங்கியவை பல இன்னும் கல்லாவுக்குப் பின்னால் ஓடுகின்றன. பேட்டரியைத்தான் மாற்றியிருக்கிறோம், பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. மே 5 வணிகர் தினத்தன்று கடையை அடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். பூட்டிய கடைக்குள் அந்தப் பெட்டி விழித்திருக்கிறது என்பதை யாராவது நினைக்கிறோமா?

நமது சங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தராசு முத்திரை முகாம் நடத்துவது போல, ஆண்டுக்கு ஒரு முறை, பங்குனி பிறக்கும் முன், இன்வெர்ட்டர் சோதனை முகாம் நடத்தலாம். பாலிடெக்னிக் மாணவர்கள் வரத் தயார், அக்காள் மகன் பேசிவிட்டான். திருகு, பசை, ஃபியூஸ், காற்றுத் துளை, பாகங்களின் நம்பர், இவ்வளவுதான் பார்க்கப்போகிறார்கள். ஒரு கடைக்கு அரை மணி. ரிப்பேர் சீட்டு மாதிரி ஒன்றைச் சங்கமே அச்சடித்து, நகரிலுள்ள மெக்கானிக்குகளுக்குக் கொடுக்கலாம். நேர்மையாகத் தொழில் செய்யும் மெக்கானிக்குகள் இதை வரவேற்பார்கள். மலிவுச் சரக்குப் போட்டியில் தொழிலை இழப்பது அவர்கள்தான்.

என் பெட்டி இப்போது கடையின் முன்பக்கத் தூணருகே, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், நான்கு புறமும் காற்றுப்பட இருக்கிறது. 540 என் ஆறும் ஆறும் புதியதாகப் போட்டாயிற்று. ஃபியூஸ் சரியான ஃபியூஸ். ஃப்ரீசருக்குத் தனி ஏற்பாடு. சீட்டைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அதே பழைய மெக்கானிக்தான் போட்டுக் கொடுத்தான், இந்த முறை கையெழுத்துடன்.

முகாம் பற்றிய தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் வைக்க ஐந்து உறுப்பினர்கள் கையெழுத்து வேண்டும் என்கிறார் செயலாளர். இதுவரை மூன்று வந்திருக்கிறது.